சூடுதான், வேறொன்றுமில்லை

அப்பாவுக்கு முதல் தடவை சிறுநீர் சிவப்பாகப் போனபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. முந்தின ராத்திரி பீட்ரூட் பொரியல். அம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார், விஷயம் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை பீட்ரூட் இல்லை, வெயில் இருந்தது. "சூடுதான், வேறொண்ணுமில்ல" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் சூட்டுக்குள் அடங்காத நோய் கிடையாது. கண் சிவந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு, தூக்கம் வராவிட்டாலும் சூடு. பார்லித் தண்ணீர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். மூன்றே நாளில் தெளிந்துவிட்டது.

தெளிந்ததுதான் வினை. சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால் ரத்தம் வரும், தானாக நிற்கும், பிறகு வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காது. பெரும்பாலும் வலியும் இருக்காது. நின்ற பெருமையை இளநீர் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இளநீர் நான்கு மாதம் அந்தப் பெருமையில் இருந்தது. நடுவே ஒரு தனியார் கிளினிக்கில் நீர்த்தொற்று என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் ஒருநாள் அப்பா கழிவறைக் கதவைத் திறந்துவைத்து, "பாப்பா, இங்க வந்து பாரு" என்றார். 68 வயது மனிதர் மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டுகிறார் என்றால் அவருக்கே சூட்டின்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்கக் கிளினிக்கில் காட்டினோம். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி.

உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். புற்று. நல்ல வேளையாகத் தசைக்குள் இறங்கவில்லை. உள் படலத்தோடு நின்றிருந்தது. குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். அதன் பிறகு பிசிஜி. ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கையில் குத்துகிறார்களே, அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். அதைச் சிறுநீர்ப்பைக்குள் ஊற்றி இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். உயிருள்ள கிருமி உள்ளே போனதும் உடம்பின் காவற்படை அங்கே ஓடிவரும், வந்த இடத்தில் மிச்சம் மீதி புற்றணுக்களையும் ஒரு கை பார்க்கும் என்பது கணக்கு. 1976-லிருந்து இதைச் செய்கிறார்கள். "பிள்ளைக்குக் கையில போடுறத எனக்கு எங்க போட்டாங்க பாரு" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆறு மணி நேரம் அவர் போன பிறகெல்லாம் கழிவறையில் க்ளோராக்ஸ் ஊற்ற வேண்டியது என் வேலை.

சரி, நான் எழுத வந்தது இதுவல்ல. எழுத வந்தது ஒரு மாத்திரைப் புட்டியைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் அப்பாவின் சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கோல சிலாங்கூர் பக்கம். மலேசியாவில் செம்பனையை, அதாவது பாமாயில் மரத்தை, வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது எங்கள் வட்டாரத்தில்தான், 1917-ல், ஒரு பிரெஞ்சுக்காரர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குப் பிறந்த வீடு தென்னமரம் என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குஷி. அதற்கும் முன்னால், 1848-ல், நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவில் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. நம் வட்டாரத்துச் செம்பனையில் பெரும்பகுதி அந்த நான்கின் வாரிசு.

தாத்தா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தார். அப்பா செம்பனை ஆலையில் 31 வருடம். குலைகள் லோரியில் வரும், ஆவியில் வேகும், பழம் உதிரும், பிரஸ்ஸில் பிழிபடும். பிழிந்ததும் வரும் எண்ணெயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் கடையில் வாங்கும் வெளிர்மஞ்சள் எண்ணெய்க்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. குங்குமப்பூவைக் கரைத்து ஊற்றியதுபோலச் செக்கச் செவேல் என்றிருக்கும். அப்பாவின் சட்டை முழுக்க அந்த நிறம். நகக்கண்ணில் அந்த நிறம். அவர் குடித்துவைத்த கோப்பையின் காதில்கூட அந்த நிறம்.

அம்மா அந்தச் சட்டைகளைச் சோப்பில் அடித்துத் துவைத்துக் களைத்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டு வெயிலில் விரித்துப் போட்டுவிடுவார். சாயங்காலத்துக்குள் ஆரஞ்சு மஞ்சளாகும், இரண்டு வெயிலில் மஞ்சளும் காணாமல் போகும். மஞ்சள்தூள் கறைக்கும் இதே வைத்தியம்தான். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கரோட்டினாய்டு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தகம் அல்ல, கொடியில் வெளுக்கும் அந்தச் சட்டைதான்.

விஷயம் இதுதான். செம்பனைப் பழம், கேரட், பரங்கிக்காய், பப்பாளி, தக்காளி எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது கரோட்டினாய்டு என்ற ஒரே குடும்பம். 600-க்கு மேல் உறுப்பினர்கள். 1831-ல் கேரட்டிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். இந்த மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அந்த அமைப்புதான் நிறத்தைத் தருகிறது, அதுவேதான் பலவீனமும். ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்கினால் சங்கிலி அறுபடும், நிறம் போகும். தான் அடி வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றும். இலைக்குள் இது வெயிலிலிருந்து பச்சையத்தைக் காக்கிறது. நம் உடம்பிலும் அணுக்களை அப்படிக் காக்குமோ என்ற சந்தேகம் விஞ்ஞானிகளுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. நம் உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது. தட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பீட்டா கரோட்டின், ஆல்ஃபா கரோட்டின், பப்பாளியில் நிறைய இருக்கும் பீட்டா கிரிப்டோசாந்தின் ஆகிய மூன்றையும் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். உள் உறுப்புகளின் மேல்தோல் ஒழுங்காக வளர வைட்டமின் ஏ வேண்டும். 1925-லேயே எலிகளுக்கு அதை இல்லாமல் செய்து பார்த்தார்கள். மூச்சுக்குழாயிலும் சிறுநீர்ப்பையிலும் மெல்லிய உள் படலம் தடித்துத் தோல்போல ஆகிவிட்டது. ஆக, சிறுநீர்ப்பைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியாது. தெரிந்துகொள்ள வைத்தது ஒரு அக்காள். அம்மாவோடு கோவிலில் பழக்கம். நேரடி விற்பனை. பிசிஜி மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்தார், கையில் புட்டி. "செம்பனையிலேர்ந்தே எடுத்தது அண்ணே, இயற்கை. நீங்க முப்பது வருசமா பிழிஞ்சு மத்தவங்களுக்குக் குடுத்தீங்க, இப்ப உங்களுக்கே திரும்பி வருது" என்றார். பேச்சு என்றால் அதுதான் பேச்சு. அம்மா கண் கலங்கி 180 ரிங்கிட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு கேப்சூலில் 10 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஒரு நாளைக்கு இரண்டு.

அக்காள் சொன்னதில் பாதி சத்தியம். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் உண்டு. சாதாரணமாகச் சாப்பிடும் பொருள்களில் அதை மிஞ்சியது அரிது. மேற்கு ஆப்பிரிக்காவில், செம்பனையின் சொந்த ஊரில், அந்தச் சிவப்பு எண்ணெயை அப்படியே குழம்பில் ஊற்றுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? சுத்திகரிப்பு ஆலையில் களிமண்ணில் நிறத்தை உறிஞ்ச விட்டு, மிச்சத்தை 240 டிகிரிக்கு மேல் காய்ச்சி வாடையையும் நிறத்தையும் ஒருசேரத் தீர்த்துவிடுகிறோம். பிறகு அந்த எண்ணெய் ஒரு கிலோ பாக்கெட்டில், மானிய விலை 2 ரிங்கிட் 50 காசுக்கு எங்கள் அடுப்படிக்குத் திரும்பி வருகிறது. அப்பாவின் சட்டைக்கு ஒட்டிய சத்து எங்கள் சட்டிக்கு ஒட்டவில்லை. சிவப்பு எண்ணெயை நிறம் போகாமல் எடுத்தும் விற்கிறார்கள், ஆனால் தோட்டத்து வீடுகளில் நான் அதைப் பார்த்ததில்லை.

மீதிப் பாதிதான் சிக்கல். அன்று ராத்திரி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1981-ல் பிரிட்டனின் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டோலும் கூட்டாளிகளும் ஒரு கேள்வி கேட்டார்கள்: உணவில் உள்ள பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் குறைக்குமா? அதுவரை வந்த ஆய்வுகளில் காய்கறி பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புற்று குறைவாக இருந்தது. அப்படியென்றால் அந்தப் பொருளையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போமே என்று பின்லாந்தில் 1985-ல் இறங்கினார்கள். 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகை பிடிப்பவர்கள், 50 வயது தாண்டியவர்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். குறையவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். 28 சதவீதம் அதிகம்.

அப்பாவின் அளவும் 20 மில்லிகிராம். அப்பாவும் 50 வருடம் புகைத்தவர். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சிறுநீர்ப்பைக்கு? அதே பின்லாந்துக்காரர்களின் கணக்கை 2000-ல் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீர்ப் பாதைப் புற்றுக்கு மாத்திரையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. 180 ரிங்கிட்டுக்கு அவ்வளவுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. சோதனை தொடங்குவதற்கு முன் அந்த ஆட்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ரத்தத்தில் எவ்வளவு கரோட்டின் இருக்கிறது என்று குறித்துவைத்திருந்தார்கள். அதில் சாப்பாட்டிலிருந்தே அதிகம் கிடைத்தவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாகத்தான் வந்தது. அதே நாடு, அதே புகை, அதே மூலக்கூறு. தட்டில் இருந்தபோது நல்ல பிள்ளை, புட்டிக்குள் போனதும் வேறு ஆள். ஒரு விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது: புகை நிறைந்த நுரையீரலில் அளவுக்கு மீறிய பீட்டா கரோட்டின் உடைகிறது, உடைந்த துண்டுகளே கெடுதல் செய்கின்றன. அம்மாவின் கொடியில் சட்டை வெளுத்ததே, அந்த உடைதல்தான். சாப்பாட்டிலிருந்து வருவது பொதுவாக நாளுக்குச் சில மில்லிகிராம், அதுவும் தனியாக வராமல் நூறு பொருளோடு கூட்டமாக வரும். இன்னொரு விளக்கம் இன்னும் எளிது. கரோட்டின் வெறும் அடையாளச் சீட்டாக இருக்கலாம். நிறையக் கீரை சாப்பிடுகிறவர் குறைவாகப் புகைப்பார், நன்றாகத் தூங்குவார். புகைப்பவர்களின் ரத்தத்தில் கரோட்டின் இயல்பாகவே குறைவு. அப்படியானால் காப்பாற்றியது எது, கீரையா, வாழ்க்கையா?

சிறுநீர்ப்பையைப் பற்றித் தனியாகப் பார்த்த பெரிய தொகுப்பு ஒன்று 2020-ல் வெளிவந்தது. 22 ஆய்வுகள், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அதிகம் கரோட்டினாய்டு சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து சுமார் 12 சதவீதம் குறைவாகத் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்கிற எல்லைக்குள்தான் நின்றது. தனித்தனியாகப் பிரித்தபோது கவனம் ஈர்த்தது நம் பப்பாளிக்காரர்: பீட்டா கிரிப்டோசாந்தின் தினம் ஒரு மில்லிகிராம் கூடினால் ஆபத்து 42 சதவீதம் குறைவு. ரத்தத்தில் லூட்டீன் அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவு; அது கீரைப் பொருள். 42 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பின்கட்டில் எத்தனை பப்பாளி பழுத்திருக்கிறது என்று எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 100 கிராம் பப்பாளியில் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். இரண்டு கீற்றில் கணக்கு முடிந்தது. பிறகு நிதானம் வந்தது. இவை எல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள், கொடுத்துப் பார்த்த சோதனைகள் அல்ல. பின்லாந்திலும் இப்படித்தான் தொடங்கியது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2015-ல் சிறுநீர்ப்பைக்கு எழுதிய அறிக்கையில் காய்கறி, பழம், தேநீர் மூன்றுக்கும் "இருக்கலாம், சான்று குறைவு" என்ற வரிசையில்தான் இடம். உறுதியான சான்று என்று அவர்கள் எடுத்துச்சொன்னது குடிதண்ணீரில் ஆர்செனிக் கெடுதல் என்பதைத்தான்.

அப்படியானால் காரணம் எது? அப்பா தாத்தாவின் பால்மரத்தைச் சொன்னார். "ரப்பர்ல புத்து வரும்னு படிச்சிருக்கேன்." அவர் படித்தது சரி, ஆனால் அது மரத்தடி அல்ல, டயர் ஆலை. பிரிட்டனில் ரப்பரோடு கலந்த ஒரு வேதிப்பொருளில் நாஃப்தைலமீன் இருந்தது. தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வரவும் 1949-ல் அதை நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால் 1895-ல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் சாயப் பட்டறை ஆட்களிடம் இதைக் கண்டுபிடித்திருந்தார். மங்கில் பால் எடுத்த தாத்தாவுக்கு இதில் சம்பந்தமில்லை.

அதே நாஃப்தைலமீன் சிகரெட் புகையில் இருக்கிறது. புகை நுரையீரலுக்குத்தானே போகிறது என்று கேட்டார் அப்பா. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நுரையீரலில் ரத்தத்தில் கலக்கும், கல்லீரல் கழுவிப் பார்க்கும், சிறுநீரகம் வடிக்கும். வடித்தது போய்த் தங்குமிடம் சிறுநீர்ப்பை. ஆலையில் வேலைக்கு நடுவே கழிவறைக்குப் போக முடியாத மனிதருக்கு அது மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சிறுநீர்ப்பைப் புற்றில் பாதிக்குப் பாதி புகையால் வருவது. புகைப்பவருக்கு ஆபத்து மூன்று மடங்கு அளவில். ஒரு பக்கம் 12 சதவீதம், இருக்கலாம் இல்லாமலும் போகலாம். மறு பக்கம் மூன்று மடங்கு. நான் பப்பாளி எண்ணிக்கொண்டிருந்தேன்.

புட்டியை அம்மா தூக்கிப்போட மறுத்துவிட்டார். 180 ரிங்கிட். அக்காள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, "உடைச்ச புட்டிய எப்படி லா வாங்குறது" என்றார், நியாயம்தான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அம்மா கேப்சூலைக் கத்தரியால் வெட்டித் தவிட்டில் பிசைந்துகொண்டிருக்கிறார். கோழிக்கு. முட்டை மஞ்சள் நல்லா சிவக்குமாம். சிவக்கவில்லை. கோழி பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிச் செலவழித்துவிடும், கருவுக்கு அனுப்பாது. மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பது அது கொத்தித் தின்னும் புல்லிலும் கீரையிலும் சோளத்திலும் உள்ள லூட்டீன் வகையறா. இதை அம்மாவிடம் விளக்கினேன். "கோழிக்கே புரிஞ்சிருக்கு" என்றார்.

சமையலில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை, செய்யத் தேவையும் இருக்கவில்லை. கரோட்டினாய்டு தண்ணீரில் கரையாது, கொழுப்போடுதான் உடம்பில் ஏறும். அம்மா பரங்கிக்காய்க்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவதும், முருங்கைக்கீரைக்குத் தேங்காய்ப்பூ போடுவதும், தக்காளியை எண்ணெய் பிரிய வதக்குவதும் அதற்கு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. கீரை மட்டும் வாரத்துக்கு நான்கு நாள் ஆனது. பாசார் மாலாம் என்ற ராத்திரிச் சந்தையில் கங்கோங் கீரை வாங்குவேன், வேலியில் முருங்கை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வகுப்பில் கீரையை ஸ்பிரிட்டில் நசுக்கி வடிதாளில் ஏற்றிக் காட்டுவேன். பச்சையைத் தாண்டி உச்சியில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு ஏறி நிற்கும். கீரைக்குள்ளே மஞ்சளா என்று கேட்பார்கள். பச்சை மறைத்துக்கொண்டிருக்கிறது என்பேன்.

முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப், அதே கேமரா சோதனை. இது திரும்பி வரும் ஜாதி, அதனால் விட மாட்டார்கள். இதுவரை மூன்று முறை சுத்தம். ஆபரேஷன் நாளோடு அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார், எங்களுக்கெல்லாம் பெருமை. டாக்டரும் தட்டிக்கொடுத்தார்.

போன செவ்வாய் நாலாவது ஸ்கோப்புக்குக் கிளம்புகையில் அவர் சட்டையை இஸ்திரி போட எடுத்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு லைட்டர், புதுசு. அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எடுத்துக் காட்டினேன்.

"அதுவா, சாமி விளக்கு ஏத்த" என்றார்.

எங்கள் வீட்டில் சாமி விளக்கை அம்மாதான் ஏற்றுவார். தீப்பெட்டியில்.